மேற்கே திரும்பிப் படுத்த மலை

ஆவாரம்பட்டிக்கும் கண்மாய்ப்பட்டிக்கும் நடுவில் ஆமைமலை கிழக்கே முகம் வைத்துப் படுத்திருந்த காலம் ஒன்று இருந்தது. முகம் என்று ஊரார் சொன்னது ஒரு குகையின் வாயை. காலை வெயில் அந்த வாய்க்குள் நுழைந்து, இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னால் சமணத் துறவிகள் பாறையிலேயே செதுக்கிப் படுத்திருந்த கற்படுக்கைகளின் மேல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, எட்டு மணிக்கெல்லாம் வெளியே வந்து, ஆவாரம்பட்டிக்காரர்களின் மிளகாயைக் காயவைக்கப் போய்விடும். படுக்கைகள் ஒன்பதா பத்தா என்பதில் நகரத்துப் படித்தவர்களுக்குள் தகராறு இருந்தது. ஆட்டுக்காரர்களுக்குள் இல்லை, ஏனென்றால் அவர்கள் ஒரு சமயத்தில் ஒன்றில்தான் படுத்தார்கள்.

அந்தத் தகராறைத் தீர்ப்பதற்கென்றே நகரத்தில் தொன்மை தேடுவோர் வட்டம் என்று ஒரு சங்கம் நடந்துவந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாக மலை மலையாக ஏறிக் குகை குகையாக நுழைவது அவர்கள் பணி. வட்டத்துக்குப் பதினொரு விதிகள். நான்காவது விதியைத் தலைவர் பேராசிரியர் வைத்தியலிங்கம் தம் கையாலேயே எழுதியிருந்தார்: ஐந்நூறு வருடங்களுக்கு உட்பட்ட எதைப் பற்றியும் உறுப்பினர்கள் கருத்துச் சொல்லக் கூடாது. அது எவ்வளவு அருமையான விதி என்றால், அது வந்த பிறகு வட்டத்தில் ஒரு வாக்குவாதம்கூட எழுந்ததில்லை, உறுப்பினர்கள் எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள், மலைக்குப் போகும் வழியில் எந்தக் குடிசை எரிந்துகொண்டிருந்தாலும் வேனுக்குள் பேச்சு பல்லவர் காலத்திலேயே சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஆமைமலையில் அவர்களுக்கு வழி காட்டியவன் ஆவாரம்பட்டிச் சேவுகன். மலையின் தெற்குப் பக்கத்தை ஒரு கல்குவாரி தின்றுகொண்டே வந்தது. அதை எதிர்த்து அவன் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தான். படித்தவர்கள் இந்த மலை பழையது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் அரசாங்கம் ஒரு பலகை நடும், பலகை நட்டால் குவாரி நிற்கும் என்று எவரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காக அவன் மூன்று வருடம் அவர்களுடைய பெட்டிகளைத் தலையில் சுமந்து மலை ஏற்றினான்.

"இந்த வருசமாவது எழுதிருவீங்களா சார்?" என்று கேட்பான்.

"அவசரப்படக் கூடாது சேவுகன். படுக்கை ஒன்பதா பத்தான்னு முதல்ல முடிவாகணும்."

"பத்துன்னே எழுதுங்க சார். ஒண்ணு குறைஞ்சா நான் வெட்டித் தர்றேன்."

பேராசிரியர் இதைக் கேட்டுச் சிரித்ததில்லை. புதிதாக வெட்டப்படும் எதுவும் நான்காவது விதிக்குள் வந்துவிடும்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குகைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். பேராசிரியர் ஒருவர். பல் டாக்டர் ஜெயசீலன் இன்னொருவர். கையெட்டாத தூரத்துப் பறவையின் கண்ணைக்கூட இழுத்துக் காட்டும் நீளமான காமிராவை அவர் கழுத்தில் மாட்டியிருந்தார். மூன்றாவது, பாலிடெக்னிக்கில் வரைபடம் சொல்லிக் கொடுக்கும் தில்லைநாயகி. அரை டிகிரி தவறினாலும் மாணவனின் தாளைத் திருப்பித் தந்துவிடுகிறவள் அவள். பாலிடெக்னிக்கின் பழைய தியோடலைட்டை அவள் குகை வாயில் முக்காலி போட்டு நிறுத்தியிருந்தாள். கோணம் அளப்பதற்கான அந்தத் தொலைநோக்கிக் கருவியில் ஒரு பழக்கம் உண்டு, அதன் வழியாகப் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். மரம் வானத்தில் வேர் ஊன்றியிருக்கும், மனிதர்கள் கூரையில் நடக்கும் பல்லிகளைப் போல நடப்பார்கள். ஆறு மாதம் பார்த்துப் பழகியவர்களுக்கு அது தலைகீழாகவே தோன்றாது. தில்லைநாயகி இருபத்திரண்டு வருடம் பார்த்தவள்.

அவள் சேவுகனிடம் அளவுகோலைக் கொடுத்து மலையடிவாரத்துப் புளியமரத்தடிக்கு அனுப்பியிருந்தாள். ஓர் ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான, சிவப்பும் கறுப்புமாகக் கோடு போட்ட கோல் அது. அதை ஆடாமல் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், அவள் அளவெடுத்து முடித்துக் கையைக் காட்டும் வரை அசையக் கூடாது. "நான் கை காட்டினாத்தான் நகரணும், என்ன?" என்று வழக்கம்போல் அவள் சொல்லியிருந்தாள். "பாம்பு கடிச்சாலும் நகர மாட்டேன் டீச்சரம்மா" என்று வழக்கம்போல் அவனும் சொல்லியிருந்தான். திரும்பி வரும்போது இரண்டு சோடா வாங்கிவரும்படி டாக்டர் பின்னாலிருந்து கத்தியிருந்தார்.

பதினொன்று இருபதுக்கு அவள் தொலைநோக்கியில் சேவுகனைப் பிடித்தாள். இரண்டு கைகளாலும் கோலைப் பிடித்துக்கொண்டு, குகையைப் பார்த்தபடி, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் குவாரி ஜீப் ஒன்று வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். மூன்று பேர் கையிலும் அரிவாள் இருந்தது. ஜீப்பிலிருந்து மரத்தடிக்கு நாற்பது அடி, அவர்கள் ஓடவில்லை, நடந்தார்கள். சேவுகனுக்குக் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், அவன் தோள் ஒரு தடவை குலுங்கியது. ஆனாலும் டீச்சரம்மா கையைக் காட்டவில்லை என்பதால் அவன் கோலை விடவில்லை, கோலை விடாமலே குகையைப் பார்த்துக் கேட்டான், "அம்மா, போதுமா?"

தில்லைநாயகியின் கை பாதிவரை உயர்ந்தது. பேராசிரியர் அந்தக் கையைப் பிடித்தார்.

"கையைக் காட்டாதீங்க. நாம இங்க இருக்கறது தெரிஞ்சிடும்."

டாக்டர் ஜெயசீலன் ஒரு காரியம் செய்தார். காமிராவின் கண்ணாடிக்கு மூடியைப் போட்டார். போட்ட மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை திருகியும் பார்த்தார்.

சேவுகன் மேல்நோக்கி விழுந்தான், அவள் பார்த்த கருவியில் அப்படித்தான் விழ முடியும். கோல் அவனுக்குப் பிறகு விழுந்தது.

பிறகு மூன்று பேரும் உள்ளே போய், துறவிகளின் படுக்கைகளில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்து, டார்ச்சை அணைத்துவிட்டு நாற்பது நிமிடம் இருந்தார்கள். ஆசையையும் அச்சத்தையும் விட்டவர்கள் படுத்த கல் அது. ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு செதுக்கலுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளும் வட்டத்தின் குறிப்பேட்டில், பேராசிரியரின் அழகான கையெழுத்தில், அந்த நாற்பது நிமிடத்துக்கும் ஒரு பதிவு உண்டு: 11.20 முதல் 12.00 வரை தேநீர் இடைவேளை. குகைக்குள் தேநீர் இருக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு வேலையைத் தொடர்ந்து, படுக்கைகள் ஒன்பது என்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டு, புளியமரம் இல்லாத பக்கமாக இறங்கிப் போனார்கள்.

மறுநாள் போலீஸ் ஆய்வாளர் மூன்று பேரையும் ஸ்டேஷனுக்கு அழைத்து, மரியாதையாக நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்.

"நேத்து நீங்க மலையிலதான இருந்தீங்க? குகையிலருந்து பாத்தா புளியமரம் தெரியுமே சார்?"

"தெரியாது" என்றார் பேராசிரியர். "குகை மேற்கு நோக்கியது. அங்கிருந்து பார்த்தால் கண்மாய் மட்டும்தான் தெரியும்."

இதற்கு முன் அவர் எழுதிய நான்கு கட்டுரைகளில் அதே குகை கிழக்கு நோக்கியது. ஒன்றில் சூரியோதயப் படமே இருந்தது, எடுத்தவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். "ஆமா சார், மேற்கு" என்றார் அவர். "சாயங்காலம் வெளிச்சம் உள்ள வரும். போட்டோவுக்கு அருமையா இருக்கும்."

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

தில்லைநாயகி தன் டீயைப் பார்த்தாள். ஆடை படிந்திருந்தது. "மேற்குதான்" என்றாள்.

அவள் அதைச் சொல்லி முடித்தபோது மாலை நான்கு மணி. நான்கு மணிக்கு ஆமைமலை திரும்பிப் படுத்தது. ஒரே பக்கமாகப் படுத்து இடுப்பு வலித்தவர் சத்தம் காட்டாமல் மறுபக்கம் புரள்வதுபோல, மரமும் பாறையும் மேய்கிற ஆடுகளுமாக, யாருடைய கூரையிலிருந்தும் ஓர் ஓடு நழுவாமல், அது பாதி வட்டம் சுற்றி நின்றது. மலைமேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்து, அது முடிந்ததும் அதே மரங்களில் உட்கார்ந்தன. குகையின் வாய் மேற்கே வந்து, கண்மாய்ப்பட்டியைப் பார்த்துத் திறந்திருந்தது. கிழக்கே, வாய் இருந்த இடத்தில், கன்னம் போல ஒரு மொட்டைப் பாறை இருந்தது.

ஆவாரம்பட்டி டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினார்கள்.

"மலை புரண்டு படுத்துருச்சு போலருக்கேப்பா."

"எத்தனை காலத்துக்குத்தான் ஒரே பக்கமாக் கெடக்கும்? நம்மளால ஒரு ராத்திரி கெடக்க முடியுதா?"

"நம்ம மூஞ்சியப் பாத்துச் சலிச்சுப்போச்சோ என்னவோ."

"உன் மூஞ்சின்னு சொல்லு."

ஆடுகள் மூன்று நாள் பழைய இடத்துக்கே போய் மொட்டைப் பாறையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றுவிட்டு, நாலாம் நாள் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டன. மனிதர்களுக்கு அவ்வளவு நாள் ஆகவில்லை. கிராம நிர்வாக அலுவலர் புதுப் படம் வரையச் சோம்பல்பட்டு, சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தையே தலைகீழாகத் திருப்பி மாட்டினார். மூன்றாம் வகுப்பு வாத்தியார் 'நமது ஊர்' பாடத்தில் ஒரு சொல்லை அழித்து ஒரு சொல்லை எழுதினார். கண்மாய்ப்பட்டிக்காரர்கள், இத்தனை நாள் மலையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், ஒரே வாரத்தில் கரும்புச்சாறுக் கடையும் பொரிகடலைக் கடையும் வண்டி நிறுத்துமிடமும் போட்டார்கள். பஸ் அந்தப் பக்கமாகப் போகத் தொடங்கியது. வாஸ்து நிபுணர் ஒருவர் வந்து, மேற்கு பார்த்த மலை பெண்பிள்ளைகளுக்கு நல்லது என்றார். எல்லோரையும்விடக் குவாரி முதலாளிக்குத்தான் அதிக சந்தோஷம். வெட்டி முடித்த தெற்குப் பக்கம் வடக்கே போய், கை படாத வடக்குப் பாறை தானே நடந்து வந்து அவருடைய இயந்திரங்களின் முன்னால் நின்றுவிட்டது. அவர் மலைக்கு ஒரு பொங்கல் வைத்தார்.

பேராசிரியர் வைத்தியலிங்கம் நேரில் போய்ப் பார்த்தார். காந்த ஊசியை மூன்று முறை வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை, ஏனென்றால் மாற வேண்டிய மலை மாறியிருந்தது. வட்டத்தின் அடுத்த இதழில் ஒரு பிழைதிருத்தம் வந்தது, முந்தைய கட்டுரைகளில் கிழக்கு என்று இருப்பது அச்சுக்கோப்பவரின் தவறு, மேற்கு என்று திருத்தி வாசிக்கவும். அதற்கடுத்த இதழில், துறவிகள் அந்திச் சூரியனைப் பார்த்துத் தியானிக்கவே மேற்கைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பதினாறு பக்கக் கட்டுரை வந்தது. அதற்கு ஒரு கருத்தரங்கமும், கருத்தரங்கத்தில் அவருக்கு ஒரு சால்வையும் கிடைத்தன.

இதற்கிடையில் போலீஸ் சோணைமுத்துவைப் பிடித்தது. செத்துப்போன சேவுகனின் மனைவி அடைக்கியின் கூடப்பிறந்த தம்பி அவன். கிணற்றில் யார் முறைக்கு யார் தண்ணீர் இறைத்தது என்று அவன் பத்து நாளைக்கு முன்னால் மச்சானோடு சத்தம் போட்டிருந்தான், அதை நாலு பேர் கேட்டிருந்தார்கள். ஜீப்பையும் மூன்று பேரையும் யாரும் பார்த்திருக்கவில்லை. பார்த்திருக்கக்கூடியவர்கள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆக, அடைக்கிக்குப் புருஷன் மண்ணுக்குள்ளும் தம்பி ஜெயிலுக்குள்ளும் போய்விட்ட பிறகு, கேட்பதற்கு அந்த மூன்று பேர்தான் மீதி இருந்தார்கள்.

அவள் பல் டாக்டரிடம் டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருந்து, முறை வந்ததும் போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டாள். அவர் விளக்கைப் போட்டுக் குனிந்து, "எந்தப் பல்லும்மா?" என்றார்.

"என் பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். நீங்க வாயைத் திறக்கணும்னு வந்தேன்."

நர்ஸ் வந்து அவளை எழுப்பி வெளியே கூட்டிப் போக வேண்டியிருந்தது. பேராசிரியர் வீட்டு வாசலில் அவள் நின்ற நேரம் முழுக்க நாயைக் கட்டவில்லை. பாலிடெக்னிக்கில் தில்லைநாயகி, "நான் படம் வரையறவ மட்டும்தான். எதுவானாலும் பேராசிரியரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய், மாணவர்களுக்கு முதுகைக் காட்டியபடி கரும்பலகையில் ஒரு நேர்கோட்டைப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, மணி அடிக்கும் வரை அந்த ஒரு கோட்டையே போட்டுக்கொண்டிருந்தாள்.

சோணைமுத்துவின் வக்கீல் விடவில்லை. குகையிலிருந்து புளியமரம் தெரியும், அந்த மூன்று பேரும் பார்த்திருப்பார்கள் என்று வாதாடினார். குகை மேற்கே இருக்கிறது என்று அரசு வக்கீல் வாதாடினார். நேரில் பார்த்துவிடுவது என்று நீதிபதி முடிவு செய்து, இரண்டு வக்கீல்களையும் மூன்று பேரையும் வரச் சொல்லி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மலை ஏறினார். அவருக்கு முழங்கால் வலி. படிக்குப் படி உட்கார்ந்து ஏறினார். பின்னாலேயே கண்மாய்ப்பட்டி ஏறியது, சுற்றிக்கொண்டு ஆவாரம்பட்டியும் வந்து சேர்ந்தது.

குகை வாயில் நீதிபதி நின்றார். கண்மாய் தெரிந்தது, நாரைகள் தெரிந்தன, கரும்புச்சாறுக் கடை தெரிந்தது. புளியமரம் தெரியவில்லை.

"மேற்குதான்" என்றார், குரலில் கொஞ்சம் நிம்மதியோடு. "இறங்கலாம்."

"ஐயா, ஒரு நிமிசம்." அடைக்கி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "இவங்ககிட்ட நான் ஒண்ணு கேட்டுக்கிறேன். சாட்சி கேக்கல. ஒரு வேண்டுதல்."

நீதிபதி ஒரு பாறையில் உட்கார்ந்து முழங்காலை நீட்டினார். "கேளுங்க."

அடைக்கி பேராசிரியரின் முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்த மலையைக் காப்பாத்தணும்னு என் புருசன் மூணு வருசம் மனுப் போட்டாரு, கலெக்டரு ஆபீசுல கத்துனாரு. மலை ஒரு இம்மி அசையல. நீங்க மூணு பேரு மேக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. திரும்பிப் படுத்துருச்சு. உங்க வாய்க்கு அப்படி ஒரு பலிதம் இருக்கு, எனக்கு அது இப்பத்தான் தெரியுது. அதனால இன்னொரு வார்த்தை சொல்லுங்க. சேவுகன் சாகல, கோலைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ நிக்கிறான்னு சொல்லுங்க. மூணு பேரும் சொல்லணும், போன தடவை மூணாவது ஆளு சொன்னதுக்கப்புறந்தான் அசைஞ்சுச்சு. ஆளு எந்திரிச்சு வந்துட்டா என் தம்பிய எதுக்கு உள்ள வைக்கப் போறாக?"

"அம்மா, அதுக்கு ஆதாரம் கிடையாது" என்றார் பேராசிரியர்.

"மேக்குக்கு என்ன ஆதாரம் வச்சிருந்தீங்க?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். "சொல்லிருங்க சார், சும்மா ஒரு வார்த்தைதான?" என்றார் பொரிகடலைக்காரர். "அந்தப் புள்ள கேக்குதுல்ல!" என்றாள் ஒரு கிழவி. டாக்டர் ஜெயசீலனுக்குக் கூட்டம் என்றாலே பயம். அவர் யாரும் கேட்காமலே, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சேவுகன் உயிரோட இருக்கார், கீழ நிக்கிறார்" என்று ஒப்பித்துவிட்டு, பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

கையளவு கல் ஒன்று குகைக்கு மேலிருந்து உருண்டு வந்து அவர்கள் நடுவில் நின்றது.

எல்லோரும் பேராசிரியரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் சரிசெய்தார். "சேவுகன் உயிரோடு இருக்கக்கூடும் என்று ஒரு கருத்து உண்டு."

"கூடும்னு சொன்னாப் பத்தாது சார்" என்றாள் அடைக்கி. "மேக்குன்னு எப்படிச் சொன்னீங்களோ அப்படிச் சொல்லுங்க."

"சரிம்மா, சரி. இருக்கிறார். கீழே நிற்கிறார்." அதைச் சொல்வது அவருக்குக் கஷ்டமாக இல்லை. இதைவிடப் பெரிய பொய்யை அவர் பதினாறு பக்கத்துக்கு எழுதிச் சால்வை வாங்கியிருந்தார்.

காக்கைகள் அத்தனையும் எழுந்தன. உட்காரவில்லை. தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தன. காலுக்குக் கீழே மலை, தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவரைப் போல, ஒரு மூச்சை இழுத்து நிறுத்தியிருப்பது எல்லோருக்கும் உள்ளங்காலில் தெரிந்தது. நீதிபதிகூட எழுந்து நின்றுவிட்டார். கரும்புச்சாறு பிழியும் சத்தம் நின்றது. அடைக்கி தன் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழிருந்து வரும் பாதையை ஒரு கண்ணாலும் தில்லைநாயகியை ஒரு கண்ணாலும் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அவள் தந்திரம் செய்யவில்லை என்பது தெரிந்தது. அவள் உண்மையாகவே அவனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க டீச்சரம்மா. ஒரே ஒரு வார்த்தை."

தில்லைநாயகி வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள். சேவுகன் என்று தொடங்கவும் செய்தாள். மற்ற இருவருக்கும் அது எளிதாக இருந்தது, அவர்களில் ஒருவர் மூடியைப் போட்டிருந்தார், ஒருவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்கப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பார்த்ததற்கு மேல் இன்னொன்றை வைத்துச் சொல்ல அவள் நாக்கு மூன்று தடவை புரண்டு பார்த்தது.

"என்னால சொல்ல முடியல" என்றாள். "நான் பார்த்தேன்."

காக்கைகள் உட்கார்ந்தன. மலை இழுத்த மூச்சை விட்டது.

அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. புளியமரத்துக்குத் தூரம் நூற்று எண்பத்து நான்கு மீட்டர் என்றாள். குவாரி ஜீப் என்றாள், மூன்று பேர் என்றாள், முதலில் வந்தவனுக்கு இடது கையில் அரிவாள், இரண்டாவது ஆள் குவாரி மேஸ்திரி, மூன்றாவது ஆளை அடுத்த வாரம் குவாரி முதலாளி வைத்த பொங்கல் பந்தியில் பரிமாறப் பார்த்தேன் என்றாள். சோணைமுத்து அங்கே இல்லவே இல்லை என்றாள். "ஓடியிருக்கலாம். பத்து எண்ணுற அளவு நேரம் இருந்தது. நான் கை காட்டினாத்தான் நகரணும்னு சொல்லியிருந்தேன். அவர் கேட்டார், அம்மா போதுமான்னு. நான் கையைக் காட்டல."

"உளறுகிறாள்" என்றார் பேராசிரியர் பொதுவாக. "வட்டத்திலிருந்து நீக்கப்படுவாள்."

அரசு வக்கீலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எங்கிருந்து பார்த்தீங்களாம்?"

"குகை வாயிலிருந்து."

"குகை வாய் மேற்கே இருக்கே!"

"அன்னிக்குக் கிழக்கே இருந்தது. நாங்க மேற்குன்னு சொன்னதால திரும்பிடுச்சு."

"அந்தக் கருவியில எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்னு கேள்விப்பட்டேனே?"

"ஆமா. தலைகீழாகத்தான் தெரிஞ்சது."

"ஐயா, குறிச்சுக்கணும்" என்று வக்கீல் நீதிபதியிடம் திரும்பினார். "திரும்பிப் படுத்த மலையிலிருந்து தலைகீழாகப் பார்த்தாங்களாம்!"

நீதிபதி கூட்டத்தைப் பார்த்தார். "ஏம்ப்பா, இது கிழக்கே இருந்ததா?"

கரும்புச்சாறுக் கடைக்காரர் தம் இயந்திரத்தின் சக்கரத்தில் ஏதோ பழுது இருப்பதைக் கண்டுபிடித்தார். பொரிகடலைக்காரர் கடலையில் கல் பொறுக்கினார். மூன்றாம் வகுப்பு வாத்தியார், கிராம நிர்வாக அலுவலர், வாஸ்துவால் பெண்ணுக்கு வரன் அமைந்தவர், எல்லோரும் கண்மாயில் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு என்பதைக் கவனமாகப் பார்த்தார்கள். ஆவாரம்பட்டிக்காரர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அவர்களில் பாதிப் பேருக்குக் குவாரியில் வேலை. அடைக்கி மட்டும் குனியவில்லை, ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை.

நீதிபதி பெருமூச்சு விட்டார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மலையைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். கூட்டம் பின்னால் போனது. கிழக்குப் பக்கம் வந்து, அந்த மொட்டைப் பாறையின் மேல் கூட வந்த கோர்ட்டு டவாலி கை கொடுக்க ஏறி நின்று, நெற்றிக்குக் கை வைத்துப் பார்த்தார். கீழே புளியமரம் நின்றது. அதன் அடியில் மேய்ந்த ஓர் ஆட்டின் கழுத்துக் கயிறுகூடத் தெரிந்தது.

"குகை எந்தப் பக்கம் இருந்ததுன்னு நான் தீர்ப்புச் சொல்லப் போறதில்லை" என்றார். "அது என் வேலை இல்லை. இங்க ஒரு ஆள் நின்னா அந்த மரம் தெரியுது. இந்தம்மா இங்க நின்னேன்னு சொல்றாங்க. எனக்கு அவ்வளவு போதும். ஆனா மலைமேல சொன்னது செல்லாது. வியாழக்கிழமை கோர்ட்டுல, கூண்டுல ஏறிச் சொல்லணும்."

எல்லோரும் இறங்கினார்கள். பேராசிரியர் இறங்கவில்லை. மேற்கு வாயிலில் பள்ளிக்கூடச் சுற்றுலா ஒன்று வந்திருந்தது, அந்திச் சூரியனைப் பற்றி அவர் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் அவரைப் படம் எடுத்தார்.

கிழக்குச் சரிவில் அடைக்கி முன்னால் இறங்க, தில்லைநாயகி பின்னால் வந்தாள். பாதி வழியில், "என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

அடைக்கி நின்றாள். "ரெண்டு பேரு சொல்லிட்டாங்க. நீங்களும் சொல்லியிருந்தா வந்திருப்பாரு."

"தெரியாது."

"எனக்குத் தெரியும். மலை மூச்சு விடாம நின்னுச்சே, பாத்தீங்கள்ல?" அவள் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் புருஷன் அன்றைக்கு இரண்டாவது தடவையாகச் செத்திருந்தான், அழுவதற்கு அவளுக்கு அந்தச் சரிவில் நாலடி இடம்தான் கிடைத்தது. அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "வியாழக்கெழமை ஒம்பதே காலுக்கு பஸ்ஸு. நான் உங்க வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன். தனியா விட்டா வழியில மேக்கு கெழக்குன்னு எதையாவது சொல்லிவச்சிருவீங்க."

வியாழக்கிழமை அப்படியே வந்தாள். இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள், தில்லைநாயகி ஜன்னலோரம். கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டபோது தில்லைநாயகி பதில் சொல்லத் திரும்பினாள். அடைக்கி அவள் முழங்கையைப் பிடித்து அழுத்திவிட்டு, தானே சொன்னாள். கோர்ட்டுக் கூண்டு வரும்வரை அவளை வாயைத் திறக்க விடவில்லை.